'கர்ரி'யில் கறி இருக்கிறதா? ஆங்கில மரபுத்தொடர் கேள்வி-பதில்

கேள்வி: 'கர்ரி ஃபேவர்' என்றால் ஒருவருக்கு ஐஸ் வைப்பது என்று படித்தேன். அந்தக் கர்ரி நம் கறிதானே? விருந்து போட்டு ஆளை மடக்குவதா? (வாசகி, காரைக்குடி)

பதில்: காரைக்குடியிலிருந்து இப்படிக் கேட்பது நியாயம்தான், ஆனால் இல்லை. நம் கறி, ஐரோப்பியர் நம் கடற்கரைக்கு வந்த பிறகு ஆங்கிலத்துக்குள் போனது. இந்தக் கர்ரி அதற்கும் மூத்தது; பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வினைச்சொல். குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவது என்று பொருள். லாயங்களில் இன்றும் அந்தச் சீப்புக்குக் 'கர்ரி கோம்ப்' என்றே பெயர்.

14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் எழுதப்பட்ட ஓர் அங்கதக் கவிதையில் ஃபொவெல் என்றொரு குதிரை வரும். கபடமே உருவான அந்தக் குதிரைக்கு அரசர்களும் குருமாரும் வரிசையாக வந்து தேய்த்துவிடுவார்கள். 'ஃபொவெலைத் தேய்ப்பது' என்ற தொடர் ஆங்கிலத்துக்கு வந்த பிறகு காலப்போக்கில் குதிரையின் பெயர் மறந்துபோக, காதுக்குப் பழகிய 'ஃபேவர்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நம்மூரிலும் 'கால் கை பிடிப்பது'தான் 'காக்கா பிடிப்பது' ஆனது என்பார்கள். அங்கே குதிரைக்கு, இங்கே மேலதிகாரிக்கு! 'கர்ரி ஃபேவர்' என்பதற்குப் பின்னால் 'வித்' வரும். பாராட்டாக ஒருபோதும் சொல்லாதீர்கள்.

கேள்வி: அமெரிக்க கிளையன்ட் மீட்டிங்கில் 'லெட்ஸ் டேபிள் இட்' என்றார். நான் உடனே ஸ்லைடைத் திறந்து விளக்க ஆரம்பித்தேன். எல்லோரும் விழித்தார்கள். (மென்பொருள் பொறியாளர், சென்னை)

பதில்: உங்கள்மேல் தப்பில்லை. பிரிட்டனிலும் இந்தியாவிலும் 'டேபிள்' செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் நேர் எதிர், கிடப்பில் போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஒரு சொல்லால் பிரிட்டிஷ், அமெரிக்கத் தரப்பினர் நெடுநேரம் காரசாரமாக வாதிட்டதையும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றேதான் என்று பிறகு தெரிந்ததையும் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இனிமேல் 'இப்போதா, அப்புறமா?' என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று லீவ் லெட்டரில் எழுதலாமா?

பதில்: எழுதலாம், பள்ளிக்கூடக் கட்டுரை வாசனை அடிக்கும். 'ஹெவி ரெயின்' போதும். கூரையிலிருந்து நாயும் பூனையும் வழுக்கி விழுந்த கதை வாட்ஸ்அப் சரக்கு, நம்பாதீர்கள்.

கேள்வி: 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' என்பதில் 'ஐஸ்' என்று பன்மை வருமா? (ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: வராது. கண்டும் காணாததுபோல் இருக்க ஒரு கண் போதும். 1801-இல் கோபன்ஹேகன் கடற்போரில் பின்வாங்கச் சொல்லிக் கொடி ஏறியபோது, பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் தன் பார்வையிழந்த வலக்கண்ணில் தொலைநோக்கியை வைத்து, 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்றாராம். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான், ஆனாலும் இலக்கணத்தை மறக்கவிடாது.

கேள்வி: 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' தப்பான ஆங்கிலமா?

பதில்: தப்பில்லை. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் அதிகாரி பணியிலிருக்கும் ஊர்தான் 'ஸ்டேஷன்'. அவர்கள் போய்விட்டார்கள், சொல் நம்மிடம் தங்கிவிட்டது. இங்கே தாராளமாகச் சொல்லுங்கள். லண்டன்காரரிடம் சொன்னால், எந்த ரயில் நிலையம் என்று கேட்பார்.