கழிவுநீர்ப் படிப்பா என்று கலங்கும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மருத்துவம் கிடைக்காமல் போன மகள், மட்டக்களப்பு வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துவிட்டுக் கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கம் போகப்போகிறேன் என்றதும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "பொம்பளைப் பிள்ளைக்குக் கக்கூஸ் தண்ணி வேலையா? சனம் என்ன கதைக்கும்?" என்பதுதான் உங்கள் கேள்வி. சம்பளத்தைப் பற்றிக்கூட நீங்கள் கேட்கவில்லை.

அங்கே அவள் வளர்க்கப்போவது பக்டீரியாவை, அம்மா. எருமைத் தயிருக்கு உறை போடுவீர்களே, அதே வேலைதான். புது நிலையம் தொடங்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிலையத்தின் பக்டீரியா நிறைந்த சேற்றைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அப்புறம் காற்றை ஊதி ஊதி அதைப் பெருக்க வேண்டும். கழிவில் உள்ள அமோனியாவை, நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த நைத்திரேற்றாக்கும் பக்டீரியா மெதுவாகத்தான் பெருகும்; அமோனியாவில் உள்ள ஒரு கிராம் நைதரசனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஒட்சிசன் கேட்கும். காற்றில்லாத தொட்டியில் வேறு பக்டீரியா அந்த நைத்திரேற்றிலிருந்து ஒட்சிசனைப் பறித்துக்கொண்டு நைதரசனை வாயுவாக விட்டுவிடும்.

ஒரு லீற்றர் கண்ணாடி உருளையில் அந்தச் சேற்று நீரை ஊற்றி 30 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல சேறு கபில நிறமாக அடியில் படியும், மேலே தண்ணீர் தெளியும். மழை நனைந்த மண்ணின் மணம்தான் வரும். இன்னும் விட்டுவைத்தால் சில வேளை படிந்த சேறு குமிழி பிடித்துத் திரும்ப மேலே மிதக்கும். சும்மா பார்ப்பவர் ஏதோ கெட்டுவிட்டது என்பார். படித்த பிள்ளை, அடியில் நைதரசன் வாயு உண்டாகிறது என்று கண்டுபிடித்து, சேற்றை எங்கே தேங்கவிட்டோம் என்று தேடிப்போகும்.

இது நம் ஊருக்கு எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். நம் கரையோரம் மணல். சின்ன வளவுக்குள்ளேயே மலக்குழியும் கிணறும். குழியிலிருந்து கசியும் கழிவால் உண்டாகும் நைத்திரேற்று மணலுக்குள் தங்காமல் தண்ணீரோடு கிணற்றுக்கு ஓடிவிடும். கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மிஞ்சிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் பச்சைக் குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கலாம். வாவிக்குள் நைதரசன் சேர்ந்தால் பாசியும் ஆற்றுவாழையும் மண்டி, மீனுக்கு மூச்சு முட்டும். இதைப் படித்த பிள்ளையைப் பார்த்து நான் பெருமைப்படுவேன்.

சரி, கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உயிரியல் பிரிவில் வந்தவள் நிலையத்தை வடிவமைக்கும் பொறியியலாளராக முடியாது. அது கணிதப் பிரிவுப் பிள்ளைகளின் பாதை. இவளுக்கு ஆய்வுகூடமும் நிலையத்தை நடத்தும் வேலையும் திறந்திருக்கின்றன. முதல் வேலை பெரும்பாலும் கொழும்புக்கு அருகே பியகம, ஜா-எல பக்கம்தான் அமையும். இரவு முறையும் வரலாம். கையுறையும் தடுப்பூசியும் கட்டாயம். அனுபவத்தோடு வந்தால் பாசிக்குடா ஹோட்டல்கள், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, சுற்றாடல் அதிகார சபை என்று இந்தப் பக்கமும் தேடலாம்.

இரசாயனவியலை மட்டும் அவள் எந்த வருடமும் விடக்கூடாது. இறுதியாண்டு ஆய்வுக்கு வாவி நீரின் நைதரசனையே எடுக்கச் சொல்லுங்கள். வருகிற விடுமுறையில் ஒரு நிலையத்துக்கு அனுமதி கேட்டு அவளோடு நீங்களும் போங்கள். காற்று ஊதும் தொட்டிப் பக்கத்தில் நின்று மணத்தைப் பாருங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் எனக்கு எழுதுங்கள், மூவருமாக இருந்து பேசுவோம்.