பளிங்குத் துண்டில் நுரைப்பு பாதியில் நிற்பது ஏன்?

நீர்த்த கந்தக அமிலத்தில் போட்ட பளிங்குத் துண்டு (கால்சியம் கார்பனேட்) சிறிது நேரத்திலேயே நுரைப்பதை நிறுத்திவிடுகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் குடுவையில் அமிலம் தீர்ந்துவிடவில்லை. பளிங்கின் மேல் படிந்த கால்சியம் சல்பேட்தான் வினையைத் தடுக்கிறது. நீர்த்த கந்தக அமிலத்துக்குப் பதிலாக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துங்கள்; கல்லோ அமிலமோ தீரும் வரை கார்பன் டைஆக்சைடு வந்துகொண்டே இருக்கும்.

முதல் நிமிடம் நன்றாக நுரைத்து அடங்கிய பிறகும் நீல லிட்மஸ் சிவப்பாக மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். லிட்மஸ் தாள் சிவப்பாவது அமிலம் இன்னும் இருப்பதைக் காட்டுகிறது; விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு அமிலங்களும் உப்பு, நீர், கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றையே தருகின்றன என்றாலும், உப்புகளின் கரைதிறன் வேறு. கால்சியம் குளோரைடு நீரில் தாராளமாகக் கரைகிறது. கால்சியம் சல்பேட்டோ லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் மட்டுமே கரைவதால், உருவான இடத்திலேயே, அதாவது கல்லின் மேற்பரப்பிலேயே, வெண்படலமாகப் படிந்து, அமிலம் கல்லைத் தொட முடியாதபடி மூடிவிடுகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம்.

1. துண்டை இடுக்கியால் எடுத்துக் கழுவி, ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகச் சுரண்டி, மீண்டும் அதே அமிலத்தில் போடுங்கள். சுரண்டிய பக்கத்திலிருந்து குமிழிகள் சரம்சரமாக எழும்பும். மறுபக்கம் அநேகமாக அமைதியாகவே இருக்கும்.

2. எஞ்சிய அமிலத்தில் சிறிது மக்னீசியம் நாடாவை இடுங்கள். ஹைட்ரஜன் குமிழிகள் வந்தால் அமிலம் மீதமிருக்கிறது என்பது உறுதி.

இதை வைத்து, கந்தக அமிலம் கார்பனேட்டுடன் வினைபுரியாது என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள், அது தவறு. சோடியம் கார்பனேட்டுடன் அது தடையின்றி வினைபுரியும், ஏனெனில் சோடியம் சல்பேட் நீரில் கரையக்கூடியது. பளிங்கைப் பொடியாக்கினாலும் வினை அதிக அளவு நடக்கும். ஆனால் நுரை சட்டெனப் பொங்கி வழியக்கூடும் என்பதால், பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதோடு கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.