அடிமைச் சந்தையில் அரிச்சுவடி: கேள்வி பதில்

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த காலத்துப் பள்ளிகள் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்கார மிஷனரிப் பெண்கள்தானே விடுதலையான கறுப்பினத்தவர்களுக்குப் பாடம் சொல்லித்தந்தார்கள்?

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தேன். வந்தார்கள், உழைத்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆசிரியர்களின் பெயர்களைத் தேடித் திரட்டிய பிற்கால ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் என்று தெரியவந்தது. தெற்கில் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரத்தையே பாருங்கள். அடிமைமுறையை வைத்திருந்த தெற்கு மாநிலங்களோடு நடந்த உள்நாட்டுப் போரில், 1864 டிசம்பரில் வடக்குப் படை ஊரைப் பிடித்தது. அடுத்த மாதமே கறுப்பினப் போதகர்கள் கூடிக் கல்விச் சங்கம் தொடங்கி, தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி, தங்கள் ஆட்களையே ஆசிரியர்களாக வைத்தார்கள். பள்ளி நடந்த கட்டடங்களில் ஒன்று, அதுவரை அடிமைகளை விற்றுக்கொண்டிருந்த இடம்! பிறகு மிஷனரிச் சங்கம் வந்து நிர்வாகத்தைத் தன் கைக்குக் கொண்டுபோனது. அந்தச் சங்கம் செய்த நல்லது பல உண்டு. இது அந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே குற்றமாக இருந்ததே! பிறகு ஆசிரியர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

பதில்: திருட்டுத்தனமாகப் படித்தவர்கள்தான். அடிமைகளுக்கு எழுதக் கற்றுத்தருவதைத் தெற்குக் கரோலினா 1740-லேயே தடை செய்தது. ஜார்ஜியாவில் 1829-இல் வந்த சட்டம் படிக்கச் சொல்லித்தருவதையும் தண்டித்தது. அப்படிப் படித்து ஆசிரியரான ஒருவர் சூசி கிங் டெய்லர், 1848-இல் அந்த ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். சவானாவில் ஒரு கறுப்பின விதவையின் வீட்டில் நடந்த ரகசிய வகுப்பில் படித்தார். போலீஸ் கண்ணிலோ வெள்ளைக்காரர் கண்ணிலோ படாமலிருக்கப் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோவார்கள். ஒருவர் பின் ஒருவராக உள்ளே நுழைவார்கள். கைத்தொழில் பழக வருகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொள்வார்கள். 1862-இல் வடக்குப் படையின் கட்டுப்பாட்டில் இருந்த செயின்ட் சைமன்ஸ் தீவுக்கு அவர் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரிடம் பகலில் சுமார் 40 பிள்ளைகள் படித்தார்கள், இரவில் பெரியவர்கள். டீச்சருக்கு வயது 14!

கேள்வி: அவருக்குச் சம்பளம் கிடைத்ததா?

பதில்: படை முகாமில் துணி துவைத்தார், காயம்பட்டவர்களைக் கவனித்தார், வீரர்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்தார். அதற்கெல்லாம் ஒரு டாலர்கூட வரவில்லை. போர் முடிந்ததும் சவானாவில் சொந்தமாகப் பள்ளி திறந்தார். 20 பிள்ளைகள், தலைக்கு மாதம் ஒரு டாலர். 1866-இல் கணவர் இறந்துபோனார், வயிற்றில் குழந்தை. அதற்குள் ஊரில் இலவசப் பள்ளி வந்துவிட்டது, பிள்ளைகள் அங்கே போனார்கள். யாரைக் குறை சொல்வது? இரவு வகுப்பு நடத்திப் பார்த்தார். அதற்கும் இலவச இரவுப்பள்ளி வந்தது. கடைசியில் வீட்டுவேலைக்குத்தான் போனார். இதையெல்லாம் 1902-இல் வெளியிட்ட தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கேள்வி: அரசு ஒன்றுமே செய்யவில்லையா?

பதில்: செய்தது. 1865-இல் விடுதலை பெற்றவர்களுக்கென்று ஒரு துறையை அமைத்தது. கட்டடம், ஆசிரியர்களின் பயணம் ஆகியவற்றுக்கு அது உதவியது. சம்பளத்தைப் பெரும்பாலும் சங்கங்களும் ஊர்மக்களும்தான் பார்த்துக்கொண்டார்கள். 1872-இல் துறையையே மூடிவிட்டார்கள்.

கேள்வி: எதிர்ப்பு?

பதில்: 1866 மே மாதம் மெம்ஃபிஸ் நகரத்தில் வெள்ளையர் கும்பல் நடத்திய கலவரத்தில் கறுப்பினத்தவர் 46 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய பள்ளிகளையும் தேவாலயங்களையும் தேடிப்பிடித்து எரித்தார்கள். குடிசைகளோடு சேர்த்துப் பள்ளியையும் எரித்தவனுக்கு, அதன் மதிப்பு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கேள்வி: மகன் வர்ஜீனியாவில் இருக்கிறான், அடுத்த மாதம் போகிறேன். பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஹாம்ப்டன் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பெரிய ஓக் மரம் இருக்கிறது. மேரி பீக் என்ற கறுப்பினப் பெண், அதுவரை ரகசியமாகக் கற்றுக்கொடுத்தவர், 1861 செப்டம்பரில் அதன் நிழலில்தான் எல்லோரும் பார்க்க வகுப்பைத் தொடங்கினார். காசநோயால் அடுத்த பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். மரம் இன்னும் நிற்கிறது. கிளைகள் உயரத்தைவிட அகலத்தில்தான் படர்ந்திருக்கும், படம் எடுக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள்.