முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: பாடலீஸ்வரர் கோயில் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் வீடு வாசல் இல்லாமல் கிடப்பவர்கள் கை நீட்டும்போது சங்கடமாக இருக்கிறது. ஜிபே வந்த பிறகு என் பையில் சில்லறையே இருப்பதில்லை. பார்க்காத மாதிரி போய்விடுகிறேன். என்ன செய்யலாம்?
(ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: சில்லறையை விடுங்கள் அம்மா. 'பார்க்காத மாதிரி' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. உங்களை மட்டும் சொல்லவில்லை, ஊரே அப்படித்தான் போகிறது. காசு இல்லையென்றால் "இன்னைக்கு இல்லைங்க பெரியவரே, சாப்பிட்டீங்களா?" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நம் ஊரில் எழுபது வயதுக்காரரைக் கல்லூரிக்குப் போகும் பையன் "ஏய், தள்ளிப் படு" என்கிறான். சட்டை கிழிந்திருந்தால் வயசும் குறைந்துவிடுமா?

டீக்கடையில் நடப்பது இன்னும் மோசம். தெருவில் கிடப்பவரும் காசு கொடுத்துத்தான் டீ கேட்கிறார், முந்தானையிலோ வேட்டி மடிப்பிலோ முடிந்து வைத்த நாணயங்களை எண்ணித்தான் வைக்கிறார். ஆனாலும் நமக்கெல்லாம் கண்ணாடி கிளாஸ், அவருக்கு மட்டும் பேப்பர் கப், அதையும் கையில் தராமல் பெஞ்சு ஓரத்தில் வைத்துத் தள்ளிவிடுகிறார்கள். இரட்டைக் குவளைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அடிபட்டிருக்கிறார்கள்! பக்கத்தில் நின்று டீ குடிக்கிற நாம் "அவருக்கும் கிளாஸ்ல குடுங்கண்ணே" என்று சொன்னால் போதும், கடைக்காரர் கொடுத்துவிடுவார். ஜிபே இருக்கிறதல்லவா, அந்த டீக்குக் காசையும் அதிலேயே போட்டுவிடுங்கள்.

இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், திண்ணையை இடித்தவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். போன தடவை எழுதியபோது "இடம் விற்கிற விலையில் திண்ணை ஒரு கேடா?" என்று ஒரு வாசகர் சண்டைக்கு வந்தார். வரட்டும், மறுபடியும் எழுதுகிறேன். பழைய வீடுகளில் திண்ணையின் ஒரு ஓரத்தைத் தலை வைக்கத் தோதாகச் சாய்வாக உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வீட்டுக்காரருக்கு உள்ளே பாய் தலையணை இருக்கிறது, யாரென்றே தெரியாத வழிப்போக்கனுக்குத்தான் அந்த மேடு. இப்போது கடைப்படியில் ஆள் படுக்கக் கூடாது என்று ராத்திரி தண்ணீரை ஊற்றிவிட்டு ஷட்டரை இறக்குகிறார்கள், பெஞ்சுக்கு நடுவில் கம்பி வைக்கிறார்கள்.

2011 டிசம்பர் 30 விடிகாலை 'தானே' புயலில் இந்த மாவட்டத்தில் எத்தனை கூரை பறந்தது, எத்தனை குடும்பம் பள்ளிக்கூடத்தில் படுத்துக்கிடந்தது! அப்போது சோறு கொண்டுவந்தவர்கள் "வேலை செஞ்சு பிழைக்கலாமே" என்றா கேட்டார்கள்? இதோ வடலூரில் 1867-ல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்னும் அணையவில்லை, பசி என்று வந்தால் சாதியும் ஊரும் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அங்கே தைப்பூச ஜோதி பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஆளே வீடு திரும்பியதும் படியில் ஒதுங்கியவரை விரட்டினால் என்ன அர்த்தம்?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடுப்பதற்கு முன்னால் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிறந்தநாள் என்று ஒரே மத்தியானத்தில் நாலு கோஷ்டி பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போகிறது, பல்லில்லாத பாட்டி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? கேட்டால் ரசம் சாதம் என்று சொல்லும். மாற்றுப்புடவை கேட்கும், கட்டணக் கழிப்பறைக்குக் காசு கேட்கும், ஐப்பசி மழையில் நனையாமல் ஆதார் அட்டையை வைக்க ஒரு பிளாஸ்டிக் கவர் கேட்கும். அந்த அட்டை இருந்தால் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம், 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போய் விண்ணப்பம் போட ஒரு ஆள் இல்லாமல்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. முதியவர்களுக்கான உதவி எண் 14567, போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

மனநிலை சரியில்லாமல் தெருவில் திரிபவர் என்றால் கல்லெறிகிற பிள்ளைகளை முதலில் அதட்டுங்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பாக அழைத்துப்போய் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டுவது போலீஸ் ஸ்டேஷனின் பொறுப்பு. போன் பண்ணிச் சொல்லுங்கள், அவர்கள் வரும்வரை கூடவே நில்லுங்கள்.