உப்புக்கண்டம் கரிக்குதா?

கேள்வி: தாத்தா காலத்தில் மிளா (கடமான்) கறியில் உப்புக்கண்டம், அதாவது உப்புப் போட்டுக் காயவைத்த கறித்துண்டு, போடுவார்களாம். நான் ஆட்டுக்கறியில் போட்டேன், குழம்பு வாயில் வைக்க முடியவில்லை, ஒரே கரிப்பு. சத்தாவது மிஞ்சுமா?
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மிளா பேச்சை விடுங்கள் அக்கா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வேட்டையாடினால் ஜெயில்தான். ஆடே போதும். காயும்போது போவது தண்ணீர்தான், புரதமும் இரும்புச்சத்தும் கண்டத்திலேயே தங்கிவிடும், அதனால் கொஞ்சம் போட்டாலே தாராளம். கரிப்புக்கு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அம்மியில் வைத்து நார் பிரியுமளவு தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு வதக்குங்கள். புளி கொதித்த பிறகு ருசி பார்த்துத்தான் உப்பு, பெரும்பாலும் தேவைப்படாது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இது வேண்டாம், எவ்வளவு ஊறினாலும் உப்பு முழுசாகப் போகாது. அப்புறம், பூசணம் பிடித்த துண்டைக் கழுவிச் சமைக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.