தகைவிலான் எங்கே போயிற்று?

ஐயாவுக்கு வணக்கம். மதுரைக் கூட்டத்தில் இங்கிலாந்தின் செல்போர்ன் ஊர்ப் போதகர் கில்பர்ட் ஒயிட்டைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். அவ்வளவு கூர்ந்து பார்த்த மனிதர், தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் பொந்துக்குள் ஒடுங்கித் தூங்குவதாக நினைத்தார் என்றீர்கள். போதகராக இருந்ததுதான் அவர் கண்ணை மறைத்ததோ? முப்பது வருடம் விலங்கியல் நடத்திய எனக்கு அப்படித்தான் படுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, திருமங்கலம்

அன்புள்ள டீச்சர்,

எனக்கு அப்படிப் படவில்லை. பைபிளில் எரேமியா எட்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். தகைவிலான் தான் வரவேண்டிய காலத்தை அறியும் என்று வருகிறது. வேதத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஒயிட், குருவிகள் குளிர்காலத்தில் வேறு தேசம் போகின்றன என்ற வலசைக் கட்சியில்தான் சேர்ந்திருப்பார்.

குழப்பம் வந்தது அவருடைய நோட்டிலிருந்து. 1768-இல் தொடங்கி 1793-இல் சாகும்வரை காற்று, மழை, பூத்த பூ, வந்த பறவை என்று எழுதிக்கொண்டே இருந்தார். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த கதிர்க்குருவிகளைக் குரலை வைத்து மூன்று இனமாகப் பிரித்தவர் அவர். உதவிப் போதகர் வேலை, ஊரை விட்டு நகரத் தேவையில்லை. அந்த நோட்டில், தகைவிலான் வகைக் குருவிகளெல்லாம் போன பிறகும் நவம்பரில் வெயிலடித்த நாளில் சில திடீரென்று தலைகாட்டியது பதிவாகியிருந்தது. ஒருநாள் வெயிலுக்காகத் தூர தேசத்திலிருந்தா திரும்பி வரும்? பக்கத்தில்தான் எங்கோ ஒளிந்திருக்க வேண்டும் என்று நினைத்தார். தப்புத்தான், ஆனால் மூடத்தனம் இல்லை.

அவர் தோட்டத்தில் டிமொதி என்று ஓர் ஆமை இருந்தது. நவம்பரில் மண்ணுக்குள் புதைந்துவிட்டு ஏப்ரலில் எழுந்து வரும். (ஆண் என்றே நினைத்திருந்தார்கள், செத்த பிறகுதான் பெண் என்று தெரிந்தது.) அதைப் பார்த்துப் பார்த்து, குருவியும் ஏன் தூங்கக் கூடாது என்று தோன்றியிருக்கலாம். இது என் ஊகம்.

வேடிக்கை என்னவென்றால், அவர் தம்பி ஜானும் போதகர்தான், ஸ்பெயினின் தென்கோடியில் ஜிப்ரால்டரில் இருந்த படையினருக்கு. குருவிகள் அங்கே கடலைத் தாண்டுவதைப் பார்த்து அண்ணனுக்கு எழுதினார். அண்ணன் மறுக்கவில்லை. சரி, சில போகும், சில தங்கிவிடும்போல என்று இரண்டுக்கும் இடம் விட்டார். ஆட்களை வைத்து ஊரையடுத்த மலைச்சரிவின் புதர்களையும் பொந்துகளையும் துழாவியும் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் எழுதிவைத்தார். கண் மறைந்த ஆள் இதையெல்லாம் செய்வாரா?

விடை கிடைக்க நாளாயிற்று. 1911-இல் இங்கிலாந்தில் காலில் வளையம் மாட்டி விட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கிடைத்தது. ஒயிட் இறந்து 119 வருடம் ஆகியிருந்தது.

நம்மூரில் கதை தலைகீழ். ஐப்பசி வாக்கில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பங்குனி கழிந்தால் காணோம். வடக்கேயிருந்து வருபவை; இங்கிலாந்துக் குருவிகள் அல்ல, ஆனால் அதே இனம். பொந்துக்குள் தூங்குவதாக அவர் நினைத்த பறவை அந்த மாதங்களில் நம் தலைக்கு மேலே பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது. வந்த தேதியை நானும் மூன்று வருடம் எழுதினேன், அப்புறம் விட்டுப்போயிற்று.

திருமங்கலம் கண்மாய்க்கு இந்த வருடம் என்றைக்கு வந்தன, டீச்சர்? தேதி நினைவிருந்தால் எழுதுங்கள்.