மட்டையைக்கூடத் தொடப் பிடிக்கவில்லை என்றால்…

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளியில் தமிழ் வழி. ஹாஸ்டல் வாசம். போன செமஸ்டரில் இரண்டு அரியர். ராத்திரி மூன்று மணி வரை போனும் கையுமாகக் கிடக்கிறேன், காலை வகுப்புக்கு எழவே முடிவதில்லை. இரண்டு மாதமாகக் கிரிக்கெட் ஆடக்கூடப் போகவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கப் பிடிக்கவில்லை. ரூம்மேட் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறான். அது பதிவாகி வேலைக்கு உலை வைத்துவிடுமோ என்று பயம். இது நோயா, சோம்பேறித்தனமா?

பதில்: சோம்பேறி பாடப் புத்தகத்தைத்தான் ஒதுக்குவான், மட்டையை ஒதுக்க மாட்டான். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அரியர் அல்ல, கிரிக்கெட்தான். பிடித்ததும் சப்பென்று ஆகி, தூக்கமும் கவனமும் கெட்டு, நாளின் பெரும்பகுதி இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மனச்சோர்வு நோயா என்று பரிசோதிப்பது அவசியம். உங்களுக்கு இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடிதத்தை மட்டும் வைத்து நான் முத்திரை குத்த மாட்டேன். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை ஆகியவையும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். அந்த ரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

அதுவரை ஒன்றே ஒன்றைப் பிடியுங்கள்: எழும் நேரம். எல்லோரும் "சீக்கிரம் படு" என்பார்கள். வராத தூக்கத்தை வா என்றால் வராது, படுக்கையில் புரண்டு எரிச்சல்தான் மிஞ்சும். எப்போது தூங்கினாலும் ஏழு மணிக்கு எழுந்துவிடுங்கள், ஞாயிறு உட்பட. எழுந்ததும் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நில்லுங்கள். மெஸ் வரை நடந்தால்கூடப் போதும். காலை வெளிச்சம்தான் மூளைக் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்தி, ராத்திரித் தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும். முதல் நாலைந்து நாள் பகலில் கண் சொக்கும். இருபது நிமிடம் படுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாலை நாலு மணி டீயோடு நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். பதினோரு மணிக்கு கேட் வாசலில் குடிக்கும் டீ என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். போனை எழுந்து போய் எடுக்கும் தூரத்தில் சார்ஜ் போடுங்கள்.

"மனசு சரியானதும் கிரவுண்டுக்குப் போகிறேன்" என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வில் வரிசை தலைகீழ்: முதலில் கால் போகும், மனசு பின்னால் வரும். ஆட வேண்டாம். பத்து நிமிடம் பவுண்டரி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அது போதும்.

அரியரில் இப்போதைக்கு ஒரு பேப்பரை மட்டும் எடுங்கள். தமிழ் வழியில் வந்தவர்களுக்குப் பாதி நேரம் பாடம் அல்ல, வாக்கியம்தான் தடுக்கிறது. ரூம்மேட்டிடம் தமிழில் விளக்கிப் பாருங்கள், பிடிபட்ட பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். அட்டென்டன்ஸும் கவலைதான். அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை சலுகை உண்டு. மருத்துவரைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அம்மாவிடம் அரியரை இன்றே சொல்ல வேண்டியதில்லை. போனை எடுத்தால் அவர் முதலில் கேட்கப்போவது "சாப்பிட்டியா" என்றுதான். அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

வேலை பயத்துக்கு வருவோம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழ்நிலைகளில்தான் விலக்கு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் நிறுவனம் கேட்டது என்பதற்காக உங்கள் சம்மதமின்றி ஓ.பி. குறிப்பைக் கொடுக்க முடியாது. 18 வயது கடந்தவர் என்பதால் பெற்றோர் கையெழுத்தும் தேவையில்லை.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, பேச்சு வழிச் சிகிச்சையிலேயே தேறுகிறவர்கள் உண்டு. மாத்திரை எழுதினால், பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டல் வரலாம். படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பழக்கம் போல ஒட்டிக்கொள்பவை அல்ல. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? தோன்றினால் இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அப்புறம். இன்றே ரூம்மேட்டிடம் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். 14416க்கு அழையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். நெருக்கடி முற்றினால் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அப்படி இல்லையென்றால், இந்த வாரத்திலேயே பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல ஓ.பி.க்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள். கடைசி சில நாள் எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அந்த ரூம்மேட்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்ல மறப்பதை அவன் சொல்லிவிடுவான்.